கண்ணுக்கு வந்த மசக்கை

நாக்கில் இருந்த மசக்கை நாலாம் மாதமே இறங்கிவிட்டது.
ஏழில், கண்ணுக்கு ஏறியிருக்கிறது.

குத்தாயிசி நகரில், ரியோனி ஆற்றின்
வெள்ளைப் பாலத்துக்கு இப்பால் என் கடை.
கடவுச்சீட்டுக்குப் படம் எடுப்பவள் நான்.
பதினோரு வருடமாய் ஒரே பல்லவி:
சிரிக்காதீர்கள். வாயை மூடுங்கள். காது தெரியட்டும்.
முகத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது.
ஒன்றும் இல்லாத முகங்களை
மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டரில் வெட்டி விற்றேன்.
மூக்கின் நிழல் கன்னத்தில் விழுகிறதா என்பதுதான்
என் முழுக் கவலையும்.

இப்போது அப்படி ஒரு முகமே வருவதில்லை.

இத்தாலியில் யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டப் போகிற சியாலா
ஸ்டூலில் அமர்ந்து நேராகப் பார்க்கிறாள்.
எல்லாம் விதிப்படி.
ஆனால் கீழிமைக்குச் சற்றுக் கீழே
தையல் விட்ட இடம் போல ஒன்று.
அங்கே பயம்.
ஃபிளாஷ் அடித்தும் அது கலையவில்லை.
பிரிண்டரிலிருந்து ஆறு பிரதிகள் நகர்ந்து வந்தன,
ஆறிலும் இருந்தது.
கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு
எந்த ஓரத்தில் வெட்டினால் அது போகும் என்று யோசித்தேன்.

லமாரா, என் நாத்தனார், பிரசவ வார்டில் நர்ஸ்,
சூரியகாந்தி விதை கொறித்தபடி சொன்னாள்:
"எத்தேரி, இதெல்லாம் வழக்கம்தான்.
குட்டி போடப் போகிற நாய்
தபால்காரரை வேறு மாதிரி பார்க்கும்."

எப்போதும் சரியாகப் பார்க்கிறேன் என்றும் இல்லை.
மினிபஸ்ஸில் எதிரே ஒருவன்.
தாடை இறுகி, கண்ணில் கொலை.
வயிற்றை இரு கையாலும் ஏந்திக்கொண்டு
பின் சீட்டுக்கு மாறினேன்.
அடுத்த நிறுத்தத்தில் இறங்கி
பல் டாக்டர் வீட்டு மணியை அடித்தான் பாவி.
எனக்குச் சிரிப்பு வந்தது.
கை மட்டும் அரை மணி நேரம் வயிற்றை விட்டு எழவில்லை.

மெராப் சொல்கிறான், நான் ஒன்றும் நினைக்கவில்லையே.
நினைத்தாய். எரிவாயு பில்லைப் பார்த்ததும்
உன் மேலுதடு ஒரு நூலளவு தூக்கிக்கொண்டது.
பாவம், இப்போதெல்லாம்
எனக்கு முதுகைக் காட்டியே பாத்திரம் கழுவுகிறான்.
முதுகையும் படிக்கக் கற்றுக்கொண்டு வருகிறேன்.

பிறகு, வியாழக்கிழமை.
இருபது இருபத்தொன்று வயது இருக்கும். கூடவே அவன்.
கண்ணியமான ஆள். கதவைத் திறந்துவிட்டான்,
கோட்டை வாங்கி மாட்டினான்,
என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான்.
லென்ஸைப் பாரம்மா என்றேன்.
லென்ஸைத்தான் பார்த்தாள்.
ஆனாலும் அவன் இடக்காலிலிருந்து வலக்காலுக்கு மாறியது
எனக்கு அவள் முகத்தில் தெரிந்தது.
ஜன்னல் கண்ணாடியில் மழை வருவது தெரிகிற மாதிரி.

படம் கலங்கிவிட்டது என்றேன்.
பதினோரு வருடத்தில் முதல் பொய்.
நாளைக்கு வா. நீ மட்டும் வந்தாலே போதும்.

இரவு தூக்கமில்லை.
பல் வலிக்காரனை நினைத்துக்கொண்டேன்,
அதுவும் போதவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு வந்தாள். அவனும்.
ஸ்டூலில் உட்கார்ந்தாள். தேடினேன்:
இமை, உதட்டு மூலை, புருவம் தொடங்கும் இடம்.
ஒன்றும் இல்லை.
துடைத்து, உலர்த்தி, கவிழ்த்து வைத்த தட்டு.
வாய் மூடியிருந்தது. காது தெரிந்தது.
எந்த அதிகாரியும் குறை சொல்ல முடியாத முகம்,
இத்தனை வருடம் நான் எல்லோரிடமும் கேட்ட முகம்.

நாலு பிரதி.
அவன் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டான்.

முதல் நாள் படம் மேசை டிராயரில் இருக்கிறது,
வெட்டாமல்.